தோலில் தொடங்கிய கணக்கு: எண்ணெய்த் தொழிலாளரும் புற்றுநோயும்

பெட்ரோலியத் தொழிலின் வரலாற்றைப் பெரும்பாலான நூல்கள் 1859ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றிலிருந்து தொடங்குகின்றன. அத்தொழிலில் உழைத்தவர்களின் நோய் வரலாற்றை எழுத முற்படுவோரோ, அதற்கும் எட்டு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு மேற்கே உள்ள மேற்கு லோதியன் வட்டாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நிலக்கரியைக் குறைந்த வெப்பத்தில் காய்ச்சி எண்ணெய் வடிக்கும் முறைக்கு 1850இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் யங் என்ற கிளாஸ்கோ வேதியியலாளர், அடுத்த ஆண்டே அங்குள்ள பாத்கேட்டில் ஆலை நிறுவினார். விளக்கெரிக்கும் எண்ணெயும், எந்திரங்களுக்கான மசகெண்ணெயும், மெழுகுவத்திக்கான பாரஃபின் மெழுகும் அங்கிருந்து சந்தைக்கு வந்தன. 'பாரஃபின் யங்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் முதலில் பயன்படுத்திய எண்ணெய்ச் செழிப்பு மிக்க நிலக்கரி தீரத் தொடங்கியதும், 1860களில் அதன் இடத்தை அதே வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைத்த ஷேல் பாறை பிடித்துக்கொண்டது.

ஷேல் என்பது களிமண் இறுகி உண்டான, ஏடு ஏடாகப் பிரியும் கருநிறப் பாறை. அதில் எண்ணெய் எண்ணெயாகவே இருப்பதில்லை. சூடேற்றினால் எண்ணெய் ஆவியாக மாறக்கூடிய கரிமப் பொருள்தான் அதில் உறைந்து கிடக்கிறது. சுரங்கத்தில் வெட்டிய பாறையை நொறுக்கி, 'ரிட்டார்ட்' எனப்படும் உயரமான வாலைகளில் கொட்டிச் சூடேற்றி, எழும் ஆவியைக் குளிரவைத்துக் கச்சா எண்ணெய் எடுத்தார்கள். அதை மறுபடியும் காய்ச்சி வடித்து, கந்தக அமிலத்தாலும் எரிசோடாவாலும் கழுவி, வெவ்வேறு பொருள்களாகப் பிரித்தார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இத்தொழில் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு முப்பது லட்சம் டன்னுக்கும் மேலான ஷேல் வெட்டப்பட்டது. எண்ணெய் வடிந்தபின் எஞ்சிய பாறைக் கழிவு, சூட்டில் செங்கல் நிறம் பெற்று, 'பிங்' என்று அவ்வூரார் அழைக்கும் செம்மேடுகளாகக் குவிந்தது. ஆலைகள் 1962இல் முற்றாக மூடப்பட்ட பிறகும் அம்மேடுகள் நிலைத்து நிற்கின்றன. மேற்கு கால்டருக்கு அருகிலுள்ள 'ஐந்து சகோதரிகள்' என்ற மேட்டுத் தொடர் இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாகவே விளங்குகிறது. அந்தத் தொழில் மனித உடலில் விட்டுச்சென்ற தடத்துக்கு அப்படி ஒரு சின்னம் இல்லை. அதை மருத்துவர்களின் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

மேற்கு லோதியன் ஆலைகளில் தோல் நோய்க்குப் பெயர்போன இடம் மெழுகு பிழியும் கொட்டகை. கனமான எண்ணெயைக் குளிரூட்டினால் அதிலுள்ள மெழுகு படிகங்களாகத் திரளும். அந்தக் குழம்பைத் தடித்த துணிகளுக்கிடையே செலுத்தி எந்திரத்தால் அழுத்தினால் எண்ணெய் கீழே வடிய, மெழுகு அடை அடையாகத் துணியில் ஒட்டி நிற்கும். இந்த அடைகளைப் பெயர்த்தெடுப்பதும், துணிகளைக் கழற்றி மாட்டுவதும், சிந்தியதை வாரிப் போடுவதும் பிழிவோரின் அன்றாட வேலை. அவர்களுடைய முன்கைகள் நாள் முழுதும் எண்ணெயில் நனைந்தன. காற்சட்டையின் முன்புறம் எண்ணெயில் ஊறி, ஊறிய துணி தொடையோடும் விதைப்பையோடும் ஒட்டிக் கிடந்தது. முதலில் மயிர்க்கால்கள் அடைபட்டுக் கரும்புள்ளிகள் தோன்றும். பின்பு தோல் சிவந்து தடிக்கும். ஆண்டுகள் பல கழிந்தபின் மருக்கள் முளைக்கும். அவற்றில் ஒன்று ஆறாத புண்ணாகி, விளிம்பு கெட்டிப்பட்டு, அரையிலுள்ள நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவும். முதற்புள்ளிக்கும் கடைசிப் புண்ணுக்கும் இடையே இருபது முப்பது ஆண்டுகள் கழிந்திருப்பது வழக்கம். இந்த இடைவெளிதான், அதாவது நோய்க்காரணி உடலைத் தீண்டுவதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட 'உறைகாலம்' என்று மருத்துவர்கள் குறிப்பிடும் காலம்தான், எண்ணெய்த் தொழிலாளரின் நோய் வரலாறு முழுவதையும் ஆட்டிப்படைத்த ஒன்று. வேலை முடிந்து, ஆள் ஓய்வுபெற்று, சில வேளை ஆலையே மூடப்பட்ட பிறகு வந்து சேரும் நோயை, யார் எந்த ஏட்டில் எழுதி வைப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு விடை கண்டது.

தொழிலால் புற்றுநோய் வரும் என்ற கருத்து அப்போது புதிதன்று. லண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கித் துப்புரவாளர்களின் விதைப்பைப் புற்றுக்கு அங்கே படிந்து தங்கும் புகைக்கரியே காரணம் என்று 1775இலேயே எழுதியிருந்தார். சிறுவயதில் புகைபோக்கிக்குள் ஏற்றிவிடப்பட்டவர்களுக்கு வளர்ந்தபின் நோய் வந்தது என்பதால் உறைகாலத்தின் குறிப்பும் அதில் அடங்கியிருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1875இல், ஜெர்மனியின் ஹாலே நகரத்து அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மான், அவ்வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து தாரும் பாரஃபினும் எடுத்த தொழிலாளரிடம் அதே நோயைக் கண்டு பதிவு செய்தார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜோசப் பெல், ஷேல் எண்ணெய்த் தொழிலாளி ஒருவரின் விதைப்பைப் புற்றைப் 'பாரஃபின்' புற்று என்று பெயரிட்டு விவரித்தார். நோயாளியின் கையையும் உடையையும் நடையையும் பார்த்தே அவர் செய்த தொழிலைச் சொல்லிவிடும் பெல்லின் கூர்மையே, அவருடைய மாணவரான ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஷெர்லாக் ஹோம்ஸுக்கு முன்மாதிரியாயிற்று. நோயாளியிடம் தொழிலைக் கேட்டறியும் பழக்கம் மருத்துவர்களிடையே அருகியிருந்த காலத்தில், தொழிலைக் கேட்காமலே கண்டுகொண்ட ஒருவர் இந்த நோயை முதலில் இனங்கண்டவர்களுள் இருந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

தனித்தனி நோயாளிகளைப் பற்றிய இக்குறிப்புகள் ஒரு கணக்காகத் திரள மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஷேல் எண்ணெய் நிறுவனங்களின் மருத்துவராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்காட், 1900 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளரிடம் தாம் கண்ட அறுபதுக்கும் மேற்பட்ட தோல் புற்றுகளை வகைப்படுத்தி 1922இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். எந்தக் கொட்டகையில், எந்த எண்ணெயோடு, எத்தனை ஆண்டு வேலை என்று அவர் பிரித்துக் காட்டியதால், மெழுகு பிழிவோரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. வேலை முடிந்ததும் குளித்தல், எண்ணெய் படிந்த உடையை ஆலையிலேயே களைதல், குறித்த காலத்துக்கு ஒருமுறை தோலைச் சோதித்தல் ஆகிய எளிய ஏற்பாடுகளுக்கு அக்கணக்கு அடிப்படையாயிற்று. ஆலையின் ஆள்களையும் வேலைகளையும் ஒருங்கே அறிந்த ஒரே மருத்துவர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்ததே அக்கணக்கைச் சாத்தியமாக்கியது. இதற்கிடையே, தாரும் பாரஃபினும் கனிம எண்ணெயும் உண்டாக்கும் புண்புற்றை ஆலை உரிமையாளரும் மருத்துவரும் அரசுக்கு அறிவித்தாக வேண்டும் என்ற விதி 1920இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்திருந்தது.

அறிவிப்பு விதி வந்தபின் வெளிப்பட்ட உண்மை எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மான்செஸ்டர் ராயல் மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டிய சவுதமும் வில்சனும், 1902 முதல் இருபது ஆண்டுகளில் அங்கு வந்த 69 விதைப்பைப் புற்று நோயாளிகளுள் 22 பேர் பருத்தி நூற்பவர்கள் என்று 1922இல் அறிவித்தனர். புகைக்கரியோடும் தாரோடும் தொடர்பே இல்லாத நூற்பாலையில் இந்த நோய்க்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடை, லங்காஷயரின் 'மியூல்' என்ற நூற்பு எந்திரத்தில் இருந்தது. கோயம்புத்தூரிலும் மதுரையிலும் தமிழ் வாசகர் அறிந்த 'ரிங் பிரேம்' இருந்த இடத்தில் நின்றே நூற்கும். மியூலோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் பதித்த நீண்ட வண்டியொன்றை முன்னும் பின்னும் ஓட்டி நூற்கும். அறுந்த இழையை இணைக்க வேண்டிய தொழிலாளி, ஓடும் வண்டியோடு நடந்துகொண்டே அதன் குறுக்குச் சட்டத்தின்மேல் அடிவயிறு படியக் குனிந்து கைநீட்ட வேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்த அறைகளில் அவர்கள் மெல்லிய காற்சட்டை மட்டும் அணிந்து வெறுங்காலோடு வேலை செய்தார்கள். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் கதிர்களுக்கு நாளில் பலமுறை எண்ணெய் விட வேண்டியிருந்தது. அந்த எண்ணெய் நுண்துளியாகத் தெறித்துச் சரியாக அரைப்பகுதியில் படிந்தது. விலை மலிவாகக் கிடைத்ததால் விலங்குக் கொழுப்புக்கும் தாவர எண்ணெய்க்கும் பதிலாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைகள் வாங்கத் தொடங்கிய கனிம எண்ணெயில் ஸ்காட்லாந்தின் ஷேல் எண்ணெயும் அடக்கம்.

ஒரு தொழிலின் நஞ்சு அதை வாங்கிய இன்னொரு தொழிலுக்குள் சென்று, அங்கே முப்பது ஆண்டுகள் உறங்கி எழுந்தது என்பதே இக்கண்டுபிடிப்பின் சாரம். நூற்பவர்கள் இந்நோயை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோய் வந்த இடம் கூச்சத்துக்குரியது, நோயாளி பெரும்பாலும் ஐம்பது வயது கடந்தவர், குடும்பத்தின் கூலி அவரையே நம்பியிருந்தது. ஆகவே மருவை மனைவியிடமும் மறைத்தவர்கள் மருத்துவரிடம் வந்தபோது பெரும்பாலும் காலம் கடந்திருந்தது. பிரிட்டிஷ் உள்துறை அமைத்த குழு 1926இல் அறிக்கை தந்தது. ஆனால் தீங்கு குறைந்த 'வெள்ளை எண்ணெய்', அதாவது கந்தக அமிலத்தால் பலமுறை கழுவி நிறம் போக்கிய எண்ணெய், அல்லது தாவர, விலங்கு எண்ணெய்களையே மியூல் கதிர்களுக்குப் பயன்படுத்த வேண்டும், தொழிலாளரைக் குறித்த காலத்தில் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்ற சட்ட விதிகள் 1953இல்தான் வந்தன. இருபத்தேழு ஆண்டுக் காலதாமதத்துக்குப் பின் அவ்விதிகள் காப்பாற்ற வந்தபோது மியூல் எந்திரமே லங்காஷயரிலிருந்து மறைந்துகொண்டிருந்தது.

அறிவியல் அந்த இருபத்தேழு ஆண்டுகளில் சும்மா இருக்கவில்லை. டோக்கியோவில் யாமாகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் நிலக்கரித் தாரைத் தடவித் தோல் புற்றை வரவழைத்ததை 1915இல் அறிவித்தபின், எந்தப் பொருள் அதற்குக் காரணம் என்ற தேடல் தொடங்கியது. லண்டனில் எர்னஸ்ட் கென்னவேயின் குழுவினர் இரண்டு டன் கீலை, அதாவது தாரைக் காய்ச்சிய பின் எஞ்சும் கெட்டியான கரும்பொருளை, மீண்டும் மீண்டும் பகுத்து, 1933இல் பென்சோபைரீன் என்ற ஒரு சேர்மத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தார்கள். ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய இந்தக் கரிமச் சேர்மமும் அதன் உறவுப் பொருள்களும் கரிமப் பொருள் அரைகுறையாக எரியும்போதும் மிகுந்த வெப்பத்தில் சிதையும்போதும் உருவாகின்றன. இதே ஆண்டுகளில் மான்செஸ்டரில் ட்வோர்ட் இணையர் பல வயல்களின் எண்ணெய்களை எலிகளின் தோலில் சோதித்து, எண்ணெய்க்கு எண்ணெய் தீங்கின் அளவு வேறுபடுவதையும் அமிலக் கழுவலால் அது குறைவதையும் காட்டினர். எண்ணெயை நிறுத்தாமலே தீங்கைக் குறைக்கும் வழி 1930களிலேயே தெரிந்திருந்தது என்பதை நினைவில் கொள்ளாமல் 1953ஆம் ஆண்டு விதிகளை மதிப்பிட முடியாது. அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலையொன்றில் மெழுகு பிழிந்தவர்களிடையே விதைப்பைப் புற்று கண்ட ஆய்வு வெளியானது 1959இல். பெல்லின் குறிப்பு அச்சேறி எண்பத்து மூன்று ஆண்டுகள் அதற்குள் கடந்திருந்தன.

தோலில் வந்த நோயைக் கண்ணால் காண முடிந்தது. கையால் தொட முடிந்தது. தொழிலாளியே அதற்குப் பெயரும் வைத்திருந்தார். மூச்சுவழியே புகுந்து எலும்பு மச்சையைத் தாக்கிய பென்சீனின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஆறு கரி அணுக்கள் ஒரே வளையமாக அமைந்த, இனிய மணமுடைய, எளிதில் ஆவியாகும் இந்தத் திரவம் கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இயல்பாகவே உண்டு. உடலுக்குள் சென்றபின் கல்லீரல் இதை வேறு பொருள்களாக மாற்ற, அப்பொருள்கள் இரத்த அணுக்கள் பிறக்கும் மச்சையைச் சிதைக்கின்றன. ஸ்வீடனின் உப்சாலாவில் மிதிவண்டி டயர் செய்த இளம் பெண்களின் மச்சை வற்றிப்போன கொடுமையை சாண்டேசன் 1897இல் எழுதினார். அமெரிக்காவில் தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டன் 1910களிலும் 1920களிலும் இந்த நஞ்சைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார். 1928இல் பிரான்சில் பென்சீனோடு வேலை செய்த ஒருவருக்கு வந்த இரத்தப் புற்றுநோய் விவரிக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய் எனப்படும் லுகேமியாவில் வெள்ளணுக்கள் முதிராமலே பெருகி இரத்தத்தை நிரப்புகின்றன. அது எண்ணெய் ஆலைத் தொழிலாளிக்கும் வரும், பள்ளி ஆசிரியருக்கும் வரும். வந்த ஆளைப் பார்த்து அவர் தொழிலைச் சொல்ல ஜோசப் பெல்லாலும் முடிந்திராது.

அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களின் கூட்டமைப்பான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1948இல் பென்சீன் பற்றி வெளியிட்ட நச்சியல் மதிப்பீடு இவ்வரலாற்றில் தனியே நின்று நோக்கத்தக்கது. பென்சீனுக்கு உடல் பழகிக்கொள்வதில்லை என்பதாலும், தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதாலும், முற்றிலும் பாதுகாப்பான அளவு சுழியம் மட்டுமே என்று அந்த ஆவணம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதே ஆவணம், நடைமுறைக்கென்று பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு அல்லது அதற்குக் கீழ் என்ற அளவைப் பரிந்துரைத்தது. 'பத்து லட்சத்தில் ஒரு பங்கு' என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு பென்சீன் ஆவி கலந்திருப்பதைக் குறிக்கும் அளவை. சுழியத்துக்கும் ஐம்பதுக்கும் இடையே இருந்த வெளியில்தான் அடுத்த நாற்பது ஆண்டுகளின் வழக்காடல் முழுவதும் நடந்தது. துருக்கியின் இஸ்தான்புல்லில் பென்சீன் கலந்த பசையைக் கொண்டு காலணி ஒட்டிய 26 தொழிலாளரின் இரத்தப் புற்றுநோயை முசாஃபர் அக்சோய் 1974இல் எடுத்துக்காட்டினார்; 1977இல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள், ஒஹாயோ மாநிலத்தில் ரப்பரிலிருந்து மெல்லேடு செய்த ஆலைகளின் தொழிலாளர் பட்டியலை இறப்புச் சான்றுகளோடு ஒப்பிட்டு, இரத்தப் புற்றுநோய்ச் சாவுகள் எதிர்பார்க்கத்தக்க அளவைப் பல மடங்கு மிஞ்சியதைக் காட்டினர்.

இதன்மேல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிர்வாகம் பென்சீன் வரம்பைப் பத்திலிருந்து ஒரு பங்காகக் குறைத்து 1978இல் விதி வகுத்தது; பெட்ரோலியக் கழகம் வழக்குத் தொடர்ந்தது; கீழ்நீதிமன்றம் விதியைத் தள்ளியது. 1980 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அம்முடிவை உறுதிசெய்து, பழைய வரம்பில் தொழிலாளருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து உண்டு என்பதை முதலில் நிர்வாகமே நிறுவ வேண்டும் என்றது. சட்டவியலில் இத்தீர்ப்புக்கு உயர்ந்த இடம் உண்டு. தொழிலாளர் கோணத்திலிருந்து பார்த்தால், நிறுவ வேண்டிய பொறுப்பு மூச்சிழுத்தவர்களின் பக்கம் சாய்க்கப்பட்ட நாள் அது. ஒரு பங்கு என்ற வரம்பு 1987இல்தான் சட்டமாயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் பத்துப் பங்கு வரம்பிலேயே கழிந்தன. அவ்வாண்டுகளில் மூச்சிழுத்தவர்களின் உறைகாலம் அடுத்த நூற்றாண்டு வரை நீண்டது.

ஆபத்தை எண்ணால் நிறுவுவது என்று ஆகிவிட்டபின், எண்ணும் முறையே போர்க்களமாயிற்று. ஒரு தொழிலில் சேர்ந்த எல்லோரையும் பெயர்ப்பட்டியலிட்டு, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து, யார் எந்த நோயால் இறந்தார் என்று குறித்து, அதே வயதுடைய பொதுமக்களின் இறப்போடு ஒப்பிடுவதைக் 'கூட்டுத்தொடர் ஆய்வு' எனலாம். பிரிட்டனில் எட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளில் 1950க்கும் 1975க்கும் இடையே குறைந்தது ஓராண்டு வேலை செய்த ஏறத்தாழ 35,000 ஆண்களை ரஷ்டனும் ஆல்டர்சனும் இவ்வாறு ஆராய்ந்து 1981இல் வெளியிட்டபோது, அவர்களின் மொத்த இறப்பு நாட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது. எண்ணெய்த் தொழில் உடல்நலத்துக்கு நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஆலைகள் மருத்துவச் சோதனை செய்து திடமானவர்களையே வேலைக்கு எடுக்கின்றன. உடல் தளர்ந்தவர்கள் தாமாகவே விலகிவிடுகிறார்கள். நாட்டுச் சராசரியிலோ படுக்கையில் கிடப்பவர்களும் வேலைக்கே போக முடியாதவர்களும் அடங்குவர். இந்தத் தோற்றப்பிழைக்கு 'நலமிக்க தொழிலாளர் விளைவு' என்று ஆய்வாளர்கள் பெயர் தந்துள்ளனர். மாரடைப்பாலும் நுரையீரல் நோயாலும் இறப்போர் குறைவது, அரிதாக வரும் இரத்தப் புற்றுநோயின் மிகுதியை மொத்தக் கணக்கில் எளிதாக மூடிவிடும். சராசரிக்குக் கீழே என்ற ஒற்றை வரியே நிறுவன அறிக்கைகளில் நெடுங்காலம் பளிச்சிட்டது.

ஆகவே பொதுமக்களோடு ஒப்பிடுவதை விட்டு, தொழிலாளருக்குள்ளேயே மிகுதியாக ஆவியை முகர்ந்தவர்களையும் குறைவாக முகர்ந்தவர்களையும் ஒப்பிடும் முறைக்கு ஆய்வாளர்கள் திரும்பினர். ஆஸ்திரேலியாவில் 1980இல் பெட்ரோலியத் தொழில் தொடங்கிய 'ஹெல்த் வாட்ச்' என்ற நெடுங்கால ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. ஒரு பங்கு பென்சீன் கலந்த காற்றில் ஓராண்டு வேலை செய்வதை ஓர் அலகாகக் கொண்டு ஒவ்வொருவரின் வாழ்நாள் முகர்வையும் கூட்டிப் பார்த்து 2003இல் வெளியான அதன் முடிவு, இரண்டு அலகுகளைத் தாண்டியவர்களிடமே இரத்தப் புற்றுநோய் மிகத் தொடங்கியதைக் காட்டியது. அவர்களுள் பெரும்பாலோரின் அன்றாட முகர்வு சட்டம் பாதுகாப்பானது என்று வகுத்த அளவுக்குள்ளேயே இருந்தது. ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2012இல் வெளியான ஆய்வு, குறைந்த முகர்வின் விளைவு மச்சைப் பிறழ்வு நோயில், அதாவது மச்சையில் இரத்த அணுக்கள் கோணலாக விளையும், பிற்காலத்தில் லுகேமியாவாக மாறக்கூடிய நோயில், தெளிவாகத் தெரிவதைக் கண்டது. முந்தைய தலைமுறையின் இறப்புச் சான்றுகளில் அந்நோய் பெரும்பாலும் தனிப்பெயர் பெறாமலே 'இரத்தசோகை' என்ற சொல்லுக்குள் மறைந்திருக்க வேண்டும்.

கணக்கை மிக நேர்த்தியாக வைத்த நாடு நார்வே. வட கடலில் 1969இல் எக்கோஃபிஸ்க் வயல் கண்டறியப்பட்டது முதல் அந்நாட்டவர் ஆயிரக்கணக்கில் கடல்மேடைகளில் வேலைக்குச் சென்றனர். 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் ஷீலாண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்ததையும், 1988 ஜூலை 6 அன்று பிரிட்டிஷ் கடற்பகுதியில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்ததையும் அந்நாடுகள் மறக்கவில்லை. பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன, விசாரணைகள் நடந்தன, விதிகள் மாறின. மெல்ல வரும் சாவுக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டுமானால் அதைத் தேடித்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. 1965க்கும் 1998க்கும் இடையே கடல்மேடைகளில் உழைத்த ஏறத்தாழ 28,000 பேரிடம் 1998இல் நார்வேயின் புற்றுநோய்ப் பதிவகம் வினாத்தாள் அனுப்பி அவர்களின் வேலை விவரங்களைத் திரட்டியது. ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள தனி எண்ணைக் கொண்டு, அவர்களுள் யாருக்கு எப்போது புற்று வந்தாலும் தானாகவே தெரியும்படி செய்தது. 2015இல் அதிலிருந்து வெளிவந்த ஆய்வு, கடல்மேடையின் மிகக் குறைந்த பென்சீன் அளவிலும் கடுமையான மச்சைவழி லுகேமியாவும் மச்சையணுப் புற்றான மல்டிபிள் மைலோமாவும் முகர்வுக்கேற்ப மிகுவதைக் காட்டியது.

துளையிடும் மேடையில் 'ஷேக்கர்' அறை என்று ஒன்று உண்டு. துளைமுனையைக் குளிர்விக்கவும் பாறைத் தூளை மேலே கொண்டுவரவும் கிணற்றுக்குள் செலுத்தும் குழம்பைச் 'சேறு' என்பார்கள். சூடாக மேலேறி வரும் அந்தச் சேற்றை அதிரும் சல்லடைகளில் கொட்டிப் பாறைத்தூளைப் பிரிப்பது அவ்வறையின் வேலை. 1980களின் நடுப்பகுதி வரை அச்சேற்றில் நீருக்குப் பதில் டீசலே அடிப்பொருளாக இருந்ததுண்டு. மூடிய அறையில் சூடான டீசல் ஆவி மண்ட, சல்லடையை ஒழுங்குபடுத்துபவர் பன்னிரண்டு மணி நேர முறைவேலையில் அதற்குள்ளேயே நின்றார். அச்சேற்றைக் கெட்டிப்படுத்தக் கல்நார்த் தூளை மூட்டையிலிருந்து கொட்டிக் கலந்த காலமும் உண்டு. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுத்திகரிப்பு ஆலைகளின் கொதிகுழாய்களுக்கெல்லாம் போர்வையாகவும் இருந்தது. அதைப் பிய்த்துப் பழுதுபார்த்து மீண்டும் சுற்றியவர்களின் நுரையீரல் உறையில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீசோதீலியோமா என்ற புற்று வந்தது. எண்ணெய்த் தொழிலாளரை ஆராய்ந்த நாடுகள் பலவற்றிலும் ஐயமின்றித் திரும்பத் திரும்ப வெளிப்படும் மிகுதி இதுவே. எண்ணெயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆய்வுகளில், எண்ணெயைச் சுமந்த குழாயின் போர்வை இவ்வளவு உயிர்களைக் குடித்திருப்பது எளிதில் கடந்துபோகக் கூடியதன்று.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1989இல் சுத்திகரிப்பு ஆலை வேலையை மனிதருக்குப் 'பெரும்பாலும்' புற்றுண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. பெட்ரோலை, இரத்தப் புற்றுநோயையும் சிறுநீர்ப்பைப் புற்றையும் சான்றாகக் கொண்டு, 2025இல் உறுதியாகப் புற்றுண்டாக்குபவற்றின் வரிசையில் சேர்த்தது. இந்த வகைப்பாடுகள் எல்லாம் சார்ந்து நிற்கும் பெயர்ப்பட்டியல்களில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிறுவனத்தின் நிலையான பணியாளர், குறைந்தது ஓராண்டு வேலை பார்த்தவர் என்ற தகுதிகளைக் கொண்டே பட்டியல்கள் தொகுக்கப்பட்டன. ஆலையை ஆண்டுதோறும் நிறுத்திப் பழுதுபார்க்கும் சில வாரங்களுக்கு மட்டும் ஒப்பந்ததாரர் அழைத்துவரும் ஆள்கள், தொட்டிக்குள் இறங்கி அடிவண்டலை வாரி வெளியேற்றுபவர்கள், குழாய்ப் போர்வை பிரிப்பவர்கள் ஆகியோரே ஆவிக்கும் தூசிக்கும் மிக அருகில் நின்றவர்கள். அவர்களே பட்டியலுக்கு வெளியே நின்றவர்களும். அடுத்த மாதம் வேறு ஊர், வேறு ஆலை, வேறு ஒப்பந்ததாரர் என்று போய்விடும் ஒருவருக்கு அறுபது வயதில் மச்சை வற்றினால் அவரை எந்த ஆலையின் கணக்கில் சேர்ப்பது? 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தபின், கசிந்த எண்ணெயை அள்ளத் தற்காலிகமாகத் திரட்டப்பட்டவர்களைச் சேர்த்து அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் சுமார் 33,000 பேர் கொண்ட தொடராய்வு ஒன்றைத் தொடங்கியது, அவ்வகையில் இத்துறையின் பழக்கத்துக்கு மாறான நல்ல முயற்சி.

மேற்கு லோதியன் ஷேல் நிறுவனங்கள் 1919இல் 'ஸ்காட்டிஷ் ஆயில்ஸ்' என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் கீழ் வந்தன. பாரசீகத்திலிருந்து கப்பலில் வரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சுவதற்காக ஃபோர்த் ஆற்றின் கழிமுகத்திலுள்ள கிரேஞ்ச்மவுத்தில் 1924இல் அவர்களே ஒரு சுத்திகரிப்பு ஆலையைத் தொடங்கினர். ஷேல் கொட்டகைகளில் கற்றவர்களின் கைத்திறன் அவ்வழியே பெட்ரோலியத்துக்கு இடம்பெயர்ந்தது. நூற்றோராண்டு ஓடிய அந்த ஆலை 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் காய்ச்சுவதை நிறுத்திவிட்டது. அங்கே கடைசி முறைவேலையில் நின்றவர்களுள் இளையவர்களுக்கு, ஸ்காட் தம் ஏட்டில் குறித்த அதே உறைகாலம் பொருந்துமானால், 2050களில்தான் அது முடியும். அதுவரை அவர்களின் பெயர்களை யாரேனும் ஒரு பட்டியலில் வைத்திருக்க வேண்டும்.